பயனர் கணக்கு மாற்றம்: கோப்புகளும் அமைப்புகளும் இடம்பெயர்ந்த வரலாறு

கணினியில் ஒரு பயனரின் கணக்கில் உள்ள கோப்புகளையும் அமைப்புகளையும் வேறொரு கணக்குக்குக் கொண்டு செல்வது பயனர் கணக்கு மாற்றம் எனப்படும். கோப்புகள் என்றால் நாம் தட்டச்சு செய்த கடிதங்கள், படங்கள், மதிப்பெண் பட்டியல்கள் முதலியன. அமைப்புகள் என்றால் எழுத்தின் அளவு, விசைப்பலகையின் வகை, திரையின் பின்புலப் படம், உலாவியின் புத்தகக்குறிகள், சேமித்து வைத்த கடவுச்சொற்கள் முதலியன. புதிய கணினி வாங்கும்போதும், பழைய கணக்கு பழுதாகும்போதும், அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போதும் இந்த மாற்றம் தேவைப்படுகிறது.

பார்வைக்கு இது பெட்டியிலிருந்து பெட்டிக்குப் பொருளை எடுத்து வைப்பதுபோல எளிய வேலையாகத் தோன்றும். நடைமுறையில் கோப்பு வந்து சேரும், ஆனால் திறக்காது. அல்லது திறக்கும், ஆனால் பழைய வசதிகள் இருக்கமாட்டா. இதற்குக் காரணம் கணக்கு தோன்றிய நோக்கத்திலேயே இருக்கிறது. ஒருவரின் உடைமையை மற்றவரிடமிருந்து பிரித்துக் காப்பதற்காகவே கணக்கு உருவாக்கப்பட்டது. எனவே கணக்கு மாற்றம் என்பது அந்தக் காவலைக் கடந்து செல்லும் செயல் ஆகும். அறுபது ஆண்டுகளில் காவல் வலுவடைந்த அளவுக்கு மாற்றமும் கடினமாகி வந்திருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தால் எது ஏன் தொலைகிறது என்பது விளங்கும்.

கணக்கு தோன்றிய காலம்

தொடக்ககாலக் கணினிகளில் பயனர் கணக்கு என்று ஒன்று இல்லை. துளையட்டைகளில் எழுதிய நிரலை ஒருவர் கொடுப்பார். கணினி அதை முடித்துவிட்டு அடுத்தவரின் நிரலை எடுக்கும். அட்டைக்கட்டு உரியவர் கையிலேயே இருந்ததால் உடைமை பற்றிய கேள்வியே எழவில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் உருவான சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு முறை 1961 நவம்பரில் செய்து காட்டப்பட்டது. பலர் ஒரே கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்த அது வழி செய்தது. எல்லோருடைய கோப்புகளும் ஒரே இயந்திரத்தின் வட்டில் தங்கியதால், யாருடையது எது என்று பிரிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பகமும் கடவுச்சொல்லும் வழங்கப்பட்டன.

தமிழில் 'கணக்கு' என்ற சொல்லுக்கு வரவு செலவு என்ற பொருளும் உண்டு. அன்றைய கணக்கு உண்மையிலேயே அப்படிப்பட்டதுதான். கணினி நேரம் விலை உயர்ந்தது. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு மணி நேரம் என்று அளந்து கொடுத்தார்கள். ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு அந்த ஒதுக்கீடு போதவில்லை. 1962இல் அவர் எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தரும்படி கணினிக்குத் துளையட்டை வழியாகக் கோரிக்கை வைத்து, பட்டியலைப் பெற்றுவிட்டார். அதன்பின் பிறர் கணக்குகளில் நுழைந்து தமது வேலையைத் தொடர்ந்தார். நெடுநாள் கழித்து அவரே இதை வெளியிட்டார். கணக்கு பிறந்த மறு ஆண்டிலேயே அதன் வேலி தாண்டப்பட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மல்டிக்ஸ்: ஆள் வேறு, பணி வேறு

சிடிஎஸ்எஸ் முறைக்கு அடுத்து, 1960களின் நடுப்பகுதியில் அதே கழகமும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் பெல் ஆய்வகமும் சேர்ந்து மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கின. கிளைகிளையாகப் பிரியும் கோப்பக அமைப்பும், ஒவ்வொரு கோப்புக்கும் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று குறிக்கும் அனுமதிப் பட்டியலும் அதில் இருந்தன.

மல்டிக்ஸில் பயனரின் அடையாளம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி ஆளின் பெயர். இரண்டாம் பகுதி அவர் பணிபுரியும் திட்டத்தின் பெயர். ஒரே ஆள் இரண்டு திட்டங்களில் இருந்தால் அவருக்கு இரண்டு இல்லக் கோப்பகங்கள் அமையும். திட்டம் மாறினால் புதிய கோப்பகத்துக்குப் போக வேண்டும். ஆனால் ஒரு கோப்பின் அனுமதிப் பட்டியலில் 'இந்த ஆள், எந்தத் திட்டத்தில் இருந்தாலும்' என்று எழுதவும் இடம் இருந்தது. அப்படி எழுதியிருந்தால் வேறு திட்டத்துக்குப் போன பிறகும் அவரால் அக்கோப்பைத் திறக்க முடியும்.

இது சிறிய நுட்பமாகத் தோன்றினாலும் கருத்தில் பெரியது. தலைமையாசிரியரின் மேசையில் உள்ள பதிவேடு அந்தப் பதவிக்கு உரியது. மேசை இழுப்பறையில் உள்ள அவரது மூக்குக் கண்ணாடி அவருக்கு உரியது. பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் முன்னது இருக்கும், பின்னது அவருடன் போகும். இந்த வேறுபாட்டைக் குறித்துவைக்க மல்டிக்ஸில் இடம் இருந்தது. பின்னால் வந்த பல முறைகளில் ஆள், பணி இரண்டும் ஒரே கணக்கில் கலந்துவிட்டன.

யுனிக்ஸ்: பெயருக்குப் பின்னால் ஓர் எண்

பெல் ஆய்வகம் 1969இல் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் சிறிய அளவில் உருவாக்கிய இயங்குதளம் யுனிக்ஸ் எனப் பெயர் பெற்றது. இன்றைய லினக்ஸ், மேக் இரண்டும் அதன் வழியில் வந்தவை. ஆன்டிராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸ்தான்.

யுனிக்ஸில் நாம் பார்ப்பது பயனரின் பெயர். இயந்திரம் பார்ப்பதோ ஓர் எண். கோப்பின் உரிமையாளர் யார் என்பது வட்டில் பெயராக எழுதப்படுவதில்லை. அந்த எண்ணே எழுதப்படுகிறது. எந்த எண் எந்தப் பெயர் என்பது வேறொரு பட்டியலில் இருக்கும். எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகியின் எண் 0. இன்றைய லினக்ஸ் வகைகள் பலவற்றில் முதலில் உருவாக்கப்படும் சாதாரணப் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு கணினியில் 1000 என்பது கண்ணனின் எண், இன்னொரு கணினியில் அது கயல்விழியின் எண் என்று கொள்வோம். லினக்ஸ் முறையில் வடிவமைத்த வன்தட்டைக் கண்ணனின் கணினியிலிருந்து கழற்றிக் கயல்விழியின் கணினியில் மாட்டினால், கண்ணனின் கோப்புகள் எல்லாம் கயல்விழியுடையவை என்று அந்த இயந்திரம் காட்டும். யாரும் எதையும் மாற்றவில்லை. எண் மட்டும் வேறொரு பட்டியலில் தேடப்பட்டது.

1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'டார்' என்னும் கட்டளை இருந்தது. பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டி நாடாவில் பதிவது அதன் வேலை. அதன் பழைய வடிவம் உரிமையாளரை எண்ணாக மட்டுமே குறித்துவைத்தது. மூட்டையை வேறு இயந்திரத்தில் பிரித்தால் உரிமை தவறான ஆளுக்குப் போக வாய்ப்பு இருந்தது. 1988இல் வந்த பாசிக்ஸ் தரநிலை, எண்ணோடு பயனரின் பெயரையும் மூட்டையில் எழுத வழி செய்தது. மூட்டையைப் பிரிக்கும் இயந்திரம் அதே பெயரைத் தன் பட்டியலில் தேடி, அந்தப் பெயருக்குரிய எண்ணைக் கோப்புக்கு இடமுடிந்தது.

கோப்பைக் கொடுக்கும் உரிமை யாருக்கு?

நிலத்தை அசைக்காமலே பட்டாவில் பெயரை மாற்றுவதுபோல, கோப்பை இடம் மாற்றாமலே அதன் உரிமையாளரை மாற்ற யுனிக்ஸில் 'சோன்' என்ற கட்டளை உண்டு. அதை யார் பயன்படுத்தலாம் என்பதில் இரண்டு மரபுகள் எழுந்தன.

ஏடி அண்டு டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் மரபில், தன் கோப்பை எவருக்கும் கொடுத்துவிட உரிமையாளருக்கு அதிகாரம் இருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பிஎஸ்டி மரபில் நிர்வாகி மட்டுமே அதைச் செய்யலாம். பெர்க்கிலி மரபின் தடைக்குக் காரணம் வட்டு ஒதுக்கீடு. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம் என்று அளந்து கொடுக்கும்போது, ஒருவர் தம் பெரிய கோப்புகளை அடுத்தவர் பெயருக்கு மாற்றிவிட்டால் ஒதுக்கீட்டைத் தப்பிக்கலாம். பாரம் மற்றவர் தலையில் விழும்.

நம் கோப்பை நாமே இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாமல் இன்றைய லினக்ஸ் தடுப்பது இந்தப் பழைய காரணத்தின் தொடர்ச்சி ஆகும். படியெடுத்துக் கொடுக்கலாம், அந்தப் படி பெற்றுக்கொண்டவர் உருவாக்கியதாகப் பதிவாகும். உரிமையையே மாற்ற வேண்டுமென்றால் நிர்வாகியிடம் போக வேண்டும். ஆகவேதான் கணக்கு மாற்றம் எங்கும் நிர்வாகியின் வேலையாக இருக்கிறது.

புள்ளிக் கோப்புகள்: அமைப்புகள் ஒளிந்த இடம்

கோப்புகளைப்போலவே அமைப்புகளுக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. யுனிக்ஸில் அவை பயனரின் இல்லக் கோப்பகத்திலேயே, புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு சேமிக்கப்பட்டன. புள்ளியில் தொடங்கும் பெயர்கள் கோப்புப் பட்டியலில் வழக்கமாகத் தெரிவதில்லை.

இந்த மறைவு திட்டமிட்டு வந்ததன்று என்று யுனிக்ஸ் முன்னோடிகளுள் ஒருவரான ராப் பைக் 2012இல் எழுதினார். ஒவ்வொரு கோப்பகத்திலும் தன்னைக் குறிக்க ஒரு புள்ளியும், மேல் கோப்பகத்தைக் குறிக்க இரு புள்ளிகளும் பெயராக உண்டு. இவ்விரண்டையும் பட்டியலில் காட்டாமலிருக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும் குறுக்கு வழியை நிரலில் எழுதினார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் மற்ற பெயர்களும் மறைந்தன. நிரலாளர்கள் அதைத் தங்கள் அமைப்புக் கோப்புகளை வைக்கும் மறைவிடமாக்கிக்கொண்டனர்.

கணக்கு மாற்றத்தில் இது இன்றும் ஒரு பொறி. கண்ணுக்குத் தெரிந்த கோப்புறைகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் படியெடுப்பவர் அமைப்புகளை விட்டுவிடுவார். இன்னொரு சிக்கலும் உண்டு. அமைப்புக் கோப்பினுள் பழைய இல்லத்தின் முழு முகவரி எழுதப்பட்டிருந்தால், புதிய கணக்கிலும் நிரல் பழைய வீட்டையே தேடிப் போகும். 'என் இல்லம்' என்று பொதுவாகக் குறிக்கும் மாறி பயன்பட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இல்லக் கோப்பகத்தில் புள்ளிக் கோப்புகள் பெருகியதால், 2003 முதல் லினக்ஸ் உலகில் ஒரு பொது நெறி உருவானது. அமைப்புகளுக்கு ஓர் இடம், நிரல்கள் சேர்த்த தரவுகளுக்கு ஓர் இடம், தற்காலிகச் சேமிப்புக்கு ஓர் இடம் என்று அது பிரித்தது. முதல் இரண்டையும் புதிய கணக்குக்கு எடுத்துச் செல்லலாம், மூன்றாவதை விட்டுவிடலாம்.

தனிக்கணினி: எல்லாம் எல்லோருக்கும்

1981இல் வந்த ஐபிஎம் தனிக்கணினியில் ஓடிய டாஸ் இயங்குதளத்தில் பயனர் கணக்கே கிடையாது. வீட்டுக்கு ஒரு கணினி, அதைத் தொட்டவர் எவரும் அதன் உரிமையாளர் என்ற நிலை. நெகிழ்வட்டில் படியெடுத்து அடுத்த கணினியில் போட்டால் மாற்றம் முடிந்தது. அக்காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இன்றைய தடைகள் எரிச்சல் தருவதில் வியப்பில்லை.

விண்டோஸ் 95 பதிப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அமைப்புகளை வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. ஆனால் அது வசதி மட்டுமே, காவல் அன்று. நுழைவுப் பெட்டியில் கடவுச்சொல் தராமல் அதை மூடிவிட்டாலும் கணினிக்குள் போகலாம்.

உண்மையான காவல் 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி வழியாக வந்தது. 1996இல் வந்த அதன் 4.0 பதிப்பில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கோப்புறையும், அவருடைய அமைப்புகளைத் தாங்கும் 'என்டியூசர்' என்ற பதிவகக் கோப்பும் இருந்தன. அந்தக் கோப்புறைகள் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டாக்குமென்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ்' என்ற பெயரின் கீழும், 2007 தொடக்கத்தில் வந்த விஸ்டா முதல் 'யூசர்ஸ்' என்ற பெயரின் கீழும் வைக்கப்படுகின்றன.

ஒரே பெயர், வேறு ஆள்

விண்டோஸ் என்டி வழிப் பதிப்புகளிலும் பெயருக்குப் பின்னால் ஓர் எண் உண்டு. பாதுகாப்பு அடையாளம் எனப்படும் அது நீண்ட எண்தொடர். ஒரு கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கினாலும் புதிய எண்ணே கிடைக்கும். பெயர் ஒன்றானாலும் இயந்திரத்தின் பார்வையில் அவர் வேறு ஆள். பழைய கோப்புறை அப்படியே இருக்க, புதியவருக்குப் பெயரோடு கணினியின் பெயரும் ஒட்டிய இன்னொரு கோப்புறை உருவாவதைப் பலர் பார்த்திருக்கலாம்.

இதனால் அமைப்புக் கோப்பைக் கையால் படியெடுத்து வைப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. என்டியூசர் கோப்பின் உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் அனுமதிகள் பழைய எண்ணின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். புதியவர் அதைத் திறக்க முயன்றால் கதவு திறக்காது. விண்டோஸ் தற்காலிகக் கணக்கு ஒன்றைத் திறந்து காட்டும். எக்ஸ்பி பதிப்பில் ஒருவரின் கணக்கமைப்பை வேறொருவருக்குப் படியெடுக்கும் பொத்தான் இருந்தது. அனுமதியையும் அது மாற்றிக் கொடுத்தது. ஆனால் பழைய பயனரின் முகவரிகள் அமைப்புகளுக்குள் தங்கிவிட்டதால் நிரல்கள் தடுமாறின. விண்டோஸ் 7 பதிப்பில் அந்தப் பொத்தான் புதியவர்களுக்கான முன்மாதிரிக் கணக்குக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது.

மாற்றத்துக்கென்றே வந்த கருவிகள்

கையால் மாற்றுவது கடினம் என்றானபின், அதற்கென்றே கருவிகள் வந்தன. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் கோப்பு, அமைப்பு மாற்று வழிகாட்டி ஒன்று வந்தது. விண்டோஸ் 95 வரையிலான பழைய கணினிகளிலிருந்தும் அது எடுத்துக்கொள்ளும். பெரிய நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கென்று கட்டளை வழியாக இயங்கும் தனிக்கருவியும் அதே காலத்தில் வந்தது. 'பழைய பயனர் இவர், புதிய பயனர் இவர்' என்று பெயர் மாற்றிச் சொல்லும் வசதி அதில் உண்டு.

விஸ்டாவில் இது 'ஈஸி டிரான்ஸ்ஃபர்' என்ற பெயர் பெற்றது. கணினியில் உள்ள எல்லாக் கணக்குகளையும் ஒருசேர மாற்றவும், பழைய கணக்கு ஒன்றை வேறு பெயருள்ள புதிய கணக்கோடு பொருத்தவும் அது இடம் தந்தது. இரு கணினிகளையும் இணைக்கத் தனிக் கம்பிவடமும் விற்கப்பட்டது. ஆயினும் நிரல்களை அது மாற்றித் தரவில்லை. அவற்றைப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

விண்டோஸ் 8.1 பதிப்பில் இக்கருவி பழைய கணினியிலிருந்து பெறும், ஆனால் அந்தக் கணினியிலிருந்து கொடுக்காது என்ற அரைநிலைக்கு வந்தது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பில் அது நீக்கப்பட்டது. வேறொரு நிறுவனத்தின் கருவியைச் சிறிது காலம் இலவசமாகப் பெறலாம் என்று மைக்ரோசாஃப்ட் கூறியது. மக்கள் இனி இணையக் கணக்கின் வழியே அமைப்புகளைப் பெறுவார்கள் என்ற எண்ணம் அப்போது வலுத்திருந்தது.

ஆப்பிள் நிறுவனம் 2005இல் டைகர் என்ற மேக் பதிப்பில் இடம்பெயர்வு உதவி நிரலைச் சேர்த்தது. அது இன்றும் தொடர்கிறது. வரும் பயனரின் பெயரில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தால், அதை அழித்து மாற்றவா, இரண்டையும் வைத்துக்கொள்ளவா என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொன்னால் இழப்பு நேரும்.

சாவி வராத பூட்டு

அனுமதி என்பது வாயிற்காவலர் போன்றது. நிர்வாகி சொன்னால் அவர் விலகுவார். மறையாக்கம் அப்படியன்று. 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பு இருவகை மறையாக்கங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, கோப்புகளையே மறையாக்கம் செய்வது. மற்றொன்று, சேமித்த கடவுச்சொல் போன்ற சிறு இரகசியங்களைப் பயனரின் நுழைவுக் கடவுச்சொல்லோடு பிணைத்துக் காப்பது.

இவற்றுக்கான சாவி பழைய கணக்கோடு பிணைந்தது. கோப்பை நிர்வாகி எடுத்துப் புதிய கணக்கில் வைத்தாலும், சாவிச் சான்றிதழை முன்னரே வெளியே எடுத்து வைக்காவிட்டால் அதைப் படிக்க முடியாது. எக்ஸ்பி முதல், வீட்டுக் கணினியில் நிர்வாகி ஒருவரின் கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றி அமைத்தாலே அவருடைய மறையாக்கக் கோப்புகள் திறக்காமல் போகும். 'கடவுச்சொல் மறந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள்' என்று சாதாரணமாகக் கேட்டவர்கள் இப்படிக் கோப்புகளை இழக்க நேரிடும்.

உலாவிகளிலும் இந்த வேறுபாடு தெரியும். விண்டோஸில் குரோம் உலாவி தன் கடவுச்சொற்களைப் பயனர் கணக்கோடு பிணைத்துக் காக்கிறது. கோப்புறையை மட்டும் படியெடுத்தால் அவை திறக்கா. ஃபயர்பாக்ஸ் தன் சாவியைத் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. கோப்புறையை முழுமையாக எடுத்துச் சென்றால் கடவுச்சொற்களும் வந்துவிடும். முன்னது திருடனுக்குக் கடினம், உரியவருக்கும் கடினம். பின்னது உரியவருக்கு எளிது. முதன்மைக் கடவுச்சொல் இடாவிட்டால் திருடனுக்கும் எளிது.

தமிழ்க் கோப்புகளின் தனிச் சிக்கல்

தமிழில் எழுதுவோருக்கு இதில் இன்னொரு சோதனையும் இருந்தது. 1990களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில் உண்மையில் பதிவானவை ஆங்கில எழுத்துகளின் எண்களே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது. கோப்பு மட்டும் புதிய கணினிக்குப் போய், எழுத்துரு பின்தங்கிவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குப்பையே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்தவர்களும் உண்டு.

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் 2000 பதிப்பில்தான் லதா எழுத்துருவுடன் அந்த ஆதரவு வந்தது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. 2010இல் ஒருங்குறிக்கும் 16 பிட்டு அனைத்து எழுத்துத் தமிழ்க் குறியாக்கத்துக்கும் மாறியது. ஒருங்குறியில் எழுதிய கோப்பு எந்தக் கணக்குக்குப் போனாலும் தமிழாகவே திறக்கும்.

ஆயினும் ஒரு சிறு கண்ணி மீதம் உண்டு. 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், நிர்வாகி அனுமதி இல்லாமல் நிறுவும் எழுத்துரு அந்தப் பயனரின் கோப்புறையில் மட்டும் தங்கும். அதே கணினியில் வேறு கணக்கைத் திறந்தால் அது இருக்காது. தமிழ் விசைப்பலகைத் தேர்வும், வேர்டு செயலியில் நாம் சேர்த்த சொற்களின் பட்டியலும் இப்படியே கணக்கோடு கட்டுண்டவை. சொற்பட்டியல் ஒரு சிறிய தனிக் கோப்பு. பல ஆண்டுகள் சேர்த்த சொற்கள் அதில் இருக்கும். பலர் அதை எடுக்க மறந்துவிடுவர்.

கணக்கு வெளியே போன காலம்

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், கணினியில் நுழைவதற்கே இணையக் கணக்கைப் பயன்படுத்தும் முறை பரவியது. கைப்பேசிகளிலும் கூகுள், ஆப்பிள் கணக்குகள் இன்றியமையாதவை ஆயின. ஒரே கணக்கில் புதிய கருவிக்கு மாறுவது இதனால் மிக எளிதாயிற்று. ஆனால் ஒரு கணக்கிலிருந்து வேறொரு கணக்குக்கு மாறுவது முன்னைவிடக் கடினமாயிற்று. முன்பு நிர்வாகி நம் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தார். இப்போது அவர் ஒரு நிறுவனத்தின் விதிமுறைகளுக்குள் இருக்கிறார்.

இதற்கு எதிரான முயற்சிகளும் எழுந்தன. பயனரின் தரவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள உதவும் 'டேக்அவுட்' சேவையைக் கூகுள் 2011இல் தொடங்கியது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 20ஆம் பிரிவு, ஒருவர் தாம் கொடுத்த தரவை இயந்திரம் படிக்கும் வடிவில் திரும்பப் பெறவும் வேறிடத்துக்கு மாற்றவும் உரிமை தந்தது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு மசோதாவில் இத்தகைய உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. எனினும் ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ அவருடைய உரிமைகளைப் பயன்படுத்த இன்னொருவரை நியமிக்கும் உரிமையை அச்சட்டம் கொடுக்கிறது.

விலை கொடுத்து வாங்கிய செயலிகளும் பாடல்களும் இதில் இன்னும் இறுக்கமானவை. ஒரு கணக்கில் வாங்கியவற்றை அதே ஆளின் வேறு கணக்குக்கு மாற்றும் வசதியை ஆப்பிள் 2025இல்தான் அறிமுகப்படுத்தியது. அப்போது இந்தியப் பயனர்களுக்கு அது கிடைக்கவில்லை.

மாற்றம் செய்வோர் கவனத்துக்கு

இந்த வரலாற்றிலிருந்து மாணவர்கள் ஒரு வரிசைமுறையை எடுத்துக்கொள்ளலாம். முதலில் சாவிகள்: பழைய கணக்கு நன்றாகத் திறக்கும்போதே மறையாக்கச் சான்றிதழையும் கடவுச்சொற்களையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவதாகக் கோப்புகள், மறைந்திருப்பவை உட்பட. மூன்றாவதாக அமைப்புகள்: கோப்பைக் கையால் படியெடுப்பதைவிட, அந்தந்தச் செயலி தரும் ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. நான்காவதாக உரிமை: புதிய கணக்கில் ஒவ்வொரு வகைக் கோப்பையும் திறந்து, திருத்தி, சேமித்துப் பார்க்க வேண்டும். திறப்பது மட்டும் போதாது. சேமிக்க முடிந்தால்தான் உரிமை மாறியதாகப் பொருள். இவை எல்லாம் முடிந்து சில வாரங்கள் சென்ற பின்னரே பழைய கணக்கை நீக்கலாம்.

அலுவலகங்களில் பொறுப்பு ஒப்படைக்கும்போது இதற்கும் முந்திய ஒரு வேலை உண்டு. பதவிக்கு உரியது எது, ஆளுக்கு உரியது எது என்று பிரித்து வைப்பது அது. முழுக் கணக்கையும் கடவுச்சொல்லோடு அடுத்தவரிடம் கொடுத்துவிடும் வழக்கம் எளிதுதான். ஆனால் முன்னவரின் சொந்தக் கடிதங்களும் வங்கிக் கடவுச்சொற்களும் பின்னவரிடம் போய்விடும். பின்னவர் செய்யும் பிழைகளும் முன்னவர் பெயரிலேயே பதிவாகும். தனிக் கணக்கு, பொதுக் கோப்புறை என்று முதல் நாளிலேயே பிரித்துக்கொண்டால், ஒப்படைக்கும் நாளில் மாற்ற வேண்டியது பொதுக் கோப்புறையின் அனுமதி மட்டுமே.